என் இதயத்தைக் கிள்ளி எடுத்தார்கள்

காய்ச்சல் நான்கு நாள் இருந்து, ஐந்தாம் நாள் போய்விட்டது. போகும்போது என் மூச்சில் பாதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எந்த வண்டி எந்தத் தெருவில் யாரை ஏற்ற வேண்டும், மாரத்தஹள்ளியில் அடைத்துக்கொண்டால் எந்தச் சந்தில் திருப்ப வேண்டும், இதுதான் வேலை. கையில் டிரிப் ஷீட், காதில் போன், வாயில் எந்நேரமும் ஒரு நக்கல். வயது நாற்பத்து நான்கு. பிறந்தது, வளர்ந்தது, பெண் கட்டியது எல்லாம் ஜீவனஹள்ளி. தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் டிரைவர்களைத் திட்டுவேன். திட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பான். அந்த ஒரு திறமையில்தான் என் பிழைப்பு ஓடியது.

காய்ச்சலுக்கு எங்கள் தெருவில் ஒரே வைத்தியம். முனை டாக்டரிடம் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு, அப்படியே டூட்டிக்குப் போவது. நானும் போனேன். அந்த வாரம் முழுக்கப் போனேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ஸ்டார்ட் ஆகாத ஒரு டெம்போவை மூன்று டிரைவர்களோடு சேர்ந்து தள்ளினேன். இருபது அடி போயிருக்கும். வண்டி கிளம்பிவிட்டது, நான் நின்றுவிட்டேன். நெஞ்சின் நடுவில் ஒரு அமுக்கல். காற்று தொண்டை வரைக்கும் வருகிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

"ஏனாயித்தண்ணா?" என்ன ஆச்சு என்று ஒரு டிரைவர் தோளைப் பிடித்தான்.

"டீசல் தீந்துச்சு" என்றேன். அதுதான் அன்றைக்கு நான் சொன்ன கடைசி வாக்கியம். நான் தள்ளிவிட்ட அதே டெம்போவில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஈசிஜி பார்த்தவரும் அப்படித்தான் சொன்னார். ரத்தப் பரிசோதனையும் ஆமாம் என்றது. தொடை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். முடித்துவிட்டு, எங்கேயும் அடைப்பே இல்லை என்றார்கள். என் மச்சான், மனைவியின் தம்பி, ஒக்கலிபுரத்தில் இருப்பவன், ரயில் நிலையத்தில் பார்சல் மூட்டை இறக்குகிறவன். அவன் வராந்தாவிலேயே கைதட்டிவிட்டான்.

"அடைப்பு இல்லியாம் மாமா! சும்மா வாயுவா இருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் பல்லைக் காட்டினேன். சிரிக்காத ஒரே ஆள் டாக்டரம்மா. மங்களூர்ப் பக்கத்துக்காரர். சின்ன உருவம். வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாகவே வரும். என் இருபது நாள் ஆஸ்பத்திரி வாழ்க்கையில் என் ஜோக் ஒன்றுக்குக்கூட அவர் சிரித்ததில்லை. அதை நான் இன்றைக்கும் ஒரு தோல்வியாகத்தான் வைத்திருக்கிறேன்.

நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ எடுத்தபடியே அவர் சொன்னார். "குழாயெல்லாம் நல்லா இருக்கு. பம்ப்தான் வீங்கிப் போயிருக்கு. உள்ள வர்ற ரத்தத்துல நூத்துக்கு அறுபது பங்கு வெளிய தள்ளணும். உங்களது இருபத்தஞ்சு தள்ளுது."

"மிச்சம் முப்பத்தஞ்சு லீவுல இருக்கா மேடம்?"

"இதயத் தசையில அழற்சி. காய்ச்சல்ல வந்திருக்கும். இப்ப பிரச்சினை, இது எந்த வகைன்னு தெரியல." நான் கேட்டது காதிலேயே விழாதவர் போலத் தொடர்ந்தார். "ஒரு வகை, கிருமிக்கும் உடம்புக்கும் நடக்கிற சண்டை. அடங்கும், பெரும்பாலும். இன்னொண்ணு அபூர்வம். பெரிய பெரிய செல்லுங்க சேந்து தசையையே அழிச்சிரும். அது வாரக்கணக்கு. அதுக்கு உடனே வேற மருந்து கொடுக்கணும். அதுவும் கேக்கலேன்னா வேற இதயம்தான் வைக்கணும்."

வேற இதயம். பக்கத்துக் கடையில் வேற சைஸ் இருக்கா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டுக்கும் மருந்தக் குடுத்துடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"கிருமி இருக்கிற உடம்புல அந்த மருந்தக் குடுத்தா கிருமிக்குத்தான் கொண்டாட்டம். தெரிஞ்சுக்கிட்டுத்தான் கொடுக்கணும். முதல்ல எம்ஆர்ஐ ஸ்கேன். எந்த இடத்துல வீக்கம்னு அது காட்டும். அப்புறம் அந்த இடத்துல கொஞ்சம் சதைய எடுத்து பயாப்ஸி. என்ன வீக்கம்னு அதுலதான் தெரியும்."

அவர் போனதும் மச்சான் குரலைத் தாழ்த்தினான். "மாமா, பயாப்ஸின்னா கேன்சருக்குத்தானே எடுப்பாங்க?"

"இதயத்துக்கும் எடுக்கறாங்களாம்டா."

"இதயத்துலயா? கத்தி வச்சா?"

"இல்ல, கெஞ்சிக் கேப்பாங்க. அதுவா எடுத்துக் குடுக்கும்."

அவன் சிரித்தான். எனக்கு அதற்குள் உள்ளங்கை இரண்டும் நனைந்துவிட்டன. போர்வையில் துடைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு மோதிரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஏழரைச் சனி என்று யாரோ என் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள். சனிக்குக் கறுப்புக் குதிரையின் லாடத்தில் மோதிரம் செய்து போட்டால் நல்லது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா, அதற்கு அவள் தன் தம்பியை ஏவினாள். அவன் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற கடைசி ஜட்கா வண்டிக்காரர்களில் ஒருவரைப் பிடித்து, தேய்ந்த லாடம் ஒன்றை வாங்கிவந்து, ஒரு பட்டறையில் கொடுத்து வளைத்துவிட்டான். பென்சில் கனத்துக்கு ஒரு இரும்பு வளையம். நான் சாமி கும்பிடாதவன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அப்படித்தான். "குதிரைக்கு நாலு கால்லயும் இருந்தும் அது வண்டிதானே இழுத்துச்சு? எனக்கு ஒண்ணு போட்டு என்ன ஆகப்போகுது?" என்று நான் கேட்காத விருந்தாளி கிடையாது. ஆனாலும் போட்டுக்கொண்டேன். வீட்டில் சண்டை வேண்டாமே என்று போட்டுக்கொண்டதாகத்தான் அப்போது நானே நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததுமே மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். என் வாட்ச், மூக்குக் கண்ணாடி, பர்ஸ் இவற்றோடு அது ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. ஸ்கேன் எடுக்கும் அன்று காலை என் மனைவி அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத வச்சிகினு போகக் கூடாதா?"

"அந்த மிஷினே ஒரு பெரிய காந்தம்டி. இரும்பு கொண்டுபோனா நான் மோதிரத்தோட பறந்துபோய் ஒட்டிக்குவேன். அப்புறம் என்ன சுரண்டித்தான் எடுக்கணும்." வார்டில் நான்கு பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே தள்ளுவண்டியில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். ஏதோ தாளில் கையெழுத்துப் போட மனைவியைக் கூப்பிட்டார்கள். பை என் காலடியில் இருந்தது. அறைக்கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே அந்த மிஷினின் வாய் தெரிந்தது. வட்டமாக, வெள்ளையாக, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. வாரக்கணக்கு, வாரக்கணக்கு என்று டாக்டரம்மாவின் குரல் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு என்ன கிழமை, இந்த வாரத்தில் எத்தனை நாள் போய்விட்டது என்று எண்ண ஆரம்பித்தேன். அப்புறம் என் கை பைக்குள் போனது. அதை நான் போகச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. மோதிரத்தை எடுத்து வாயில் போட்டு, கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டேன். துருவும் உப்புமாக ஒரு ருசி.

டெக்னீஷியன் வந்தான். இளைஞன், ஹாசன் பக்கம், பாதித் தமிழ்.

"சார், பாடில மெட்டல் இருக்கா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பேஸ்மேக்கர்? பழைய ஆபரேஷன் கிளிப்? கண்ணுல இரும்புத் தூள்?"

இல்லை, இல்லை, இல்லை.

"கட்டுப் பல்லு?"

இல்லை.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "பாவம், ரொம்ப பயந்திருக்காரு. இவரு ஒரு நிமிசம் பேசாம இருந்து நான் பாத்ததில்ல."

"பயப்படபேடி சார்" என்றான் அவன். கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தான், இடுப்பைத் தடவிப் பார்த்தான். வாயைத் திறக்கச் சொல்ல அவனுக்கு எப்படித் தோன்றும்? அவன் வேலையில் யாரும் அதுவரை குதிரை லாடத்தை மென்றுகொண்டு வந்திருக்க மாட்டார்கள்.

படுக்கை நகர்ந்தது. தலை முதலில். இரண்டடி போயிருக்கும். கன்னத்துக்குள் மோதிரம் தானாகப் புரண்டது. உயிருள்ள ஒன்று விழித்துக்கொண்டு புரள்வதுபோல இருந்தது. நாக்கால் அழுத்தினேன். அது நாக்கைத் தள்ளிக்கொண்டு மேல்வரிசைப் பல்லில் மோதியது. இன்னும் அரையடி. தாடை மொத்தமும் ஒரு பக்கமாக இழுபட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்ததும் அது என் முன்பல்லின் நுனியை உடைத்து, உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, தலைக்கு மேலே குழாயின் சுவரில் டங்கென்று போய் ஒட்டியது.

அறையில் ஓட்டமும் சத்தமும். படுக்கையை வெளியே இழுத்தார்கள். என் வாயில் ரத்தம். நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகள் காட்டிய துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டி, தாறுமாறாகக் குதித்தது. டெக்னீஷியன் உள்ளே கையை விட்டு, காலை உதைத்து இழுத்து அந்த மோதிரத்தைப் பிடுங்கினான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"யாக்கே சார்?" என்றான். ஏன் சார்.

நல்ல கேள்வி. நான் கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தேன்.

அன்றைக்கு ஸ்கேன் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதயம் அடங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம். அடுத்த நாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் ஆக்ஸிஜனோடு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூச்சுப் பிடித்து முக்கால் மணிநேரம் மல்லாந்து கிடக்க வேண்டிய ஸ்கேன் இப்போதைக்கு நடக்காது.

மச்சானுக்கு மட்டும் விஷயம் தெரியும். டெக்னீஷியன் மோதிரத்தை, சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்த அவன் கையில்தான் கொடுத்திருந்தான்; அவன் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டான். "அக்காகிட்ட சொல்லாத மச்சான்" என்றேன். அவளிடம் மிஷின் ரிப்பேர் என்றும், அந்தக் கலாட்டாவில் படுக்கையில் பல் இடித்துக்கொண்டது என்றும் சொல்லிவிட்டோம். அவள் நம்பினாள். அவள் நம்பியதுதான் அந்த ஒரு வாரத்திலும் எனக்குப் பெரிய வேதனை என்று சொன்னால் பொய். பெரிய வேதனை மூச்சு. இது இரண்டாவது.

நாளைக் கடத்த முடியாது என்று, படம் இல்லாமலே பயாப்ஸி செய்ய முடிவெடுத்தார்கள். நீரை ஓரளவு வடித்துவிட்டு, அரைவாசி சாய்த்துப் படுக்கவைத்து, முகத்தைப் பச்சைத் துணியால் மூடினார்கள். கழுத்தின் வலது பக்கம் மரத்துப்போக ஊசி. அங்கே நரம்பில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு நீளக் கம்பி. அதன் நுனியில் குட்டி முதலை வாயைப்போல இரண்டு தாடை. அது கழுத்திலிருந்து இறங்கி இதயத்தின் வலது அறைக்குள் போய், இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரைக் கடித்து, ஒரு கடுகளவு சதையோடு திரும்ப வேண்டும். இப்படி ஐந்து முறை. துணியின் ஓரத்தில் எக்ஸ்ரே திரை எனக்குப் பாதி தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ துடிக்கிறது. அதற்குள் ஒரு கறுப்புக் கோடு தானும் சேர்ந்து ஆடுகிறது. அது நான்தான் என்று புரிய வெகுநேரம் ஆயிற்று.

முதல் கடி. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு உலுக்கல். இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, பின்னால் இரண்டைச் சேர்த்து அடித்தது.

"மேடம், கறிக்கடையில கூட இவ்ளோ கொஞ்சமா…"

"பேசாதீங்க. நீங்க பேசினா கழுத்து அசையுது. கம்பி இப்ப எங்க இருக்கு?"

"உள்ள."

"சுவர் மெல்லிசு. ஓட்டை விழுந்தா ரத்தம் இதயத்தச் சுத்தி நிறைஞ்சு அதையே அமுக்கிரும். அதனால பேசாதீங்க."

மீதி நான்கு கடிக்கும் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நர்ஸ் சின்னக் குப்பியில் எதையோ உதறிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் குப்பியைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் மாதிரி ஏதோ மருந்தில் வெளிறிய துணுக்குகள் மிதந்தன. சோற்றில் இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவோம், அந்த அளவு.

முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளில் மச்சான் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து தினமும் ஒரு தகவல் சொன்னான். டாக்டரம்மா சொன்ன அந்தப் பெரிய செல்லுக்கு ராட்சத செல் என்று பேராம், அது என்றால் ஆள் தேறுவது கஷ்டமாம். அவன் பார்சல் ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாராம். 'இருந்தாராம்' என்று நிறுத்திக்கொண்டான். நான் அவனை நக்கலடித்து அனுப்பிவிட்டு, நாடியைப் பிடித்து எண்ணுவேன். எண்ணுவதால் அது வேகமாகும். வேகமாவதால் மறுபடி எண்ணுவேன். ஒருமுறை மணிக்கட்டில் கிடைக்கவில்லை என்று கூச்சல் போட்டு நர்ஸை வரவழைத்தேன். "சார், நீங்க எலும்பைப் பிடிச்சிருக்கீங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா தாளோடு வந்தார். "ஒண்ணும் தெரியல."

"அப்ப ஒண்ணும் இல்லியா?" என் மனைவி எழுந்துவிட்டாள்.

"இல்லம்மா. நாங்க கிள்ளின இடத்துல ஒண்ணும் இல்ல. இந்த அழற்சி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, திட்டுத் திட்டா இருக்கும். எந்த இடம்னு சொல்ற படம் நம்மகிட்ட இல்ல."

படம் ஏன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப அவரால மல்லாந்து படுக்க முடியுது. நாளைக்கு ஸ்கேன் எடுத்துடலாம். படத்துல திட்டு தெரிஞ்சா அதே இடத்துல மறுபடி பயாப்ஸி. ஆபத்து போன தடவை மாதிரியேதான். அவர் கையெழுத்தோட உங்க கையெழுத்தும் வேணும்."

அவர் போனதும் என் மனைவி அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"நான் போட மாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒருதபா கழுத்துல ஓட்ட போட்டாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க. மறுபடி ஓட்ட போட்டா இன்னா கெடைக்கும்? சதையா எடுத்து எடுத்து இருக்கறதயும் தீத்துடுவாங்க. அந்த மோதிரத்த கழட்டினதுலேந்துதான் எல்லாம். அன்னிக்கே நான் கைல போட்டு அனுப்பியிருக்கணும். உங்க வாய்க்குப் பயந்து உட்டுட்டேன்."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். அவளைச் சமாதானம் செய்ய வேறு நூறு வழி இருக்கிறது. டாக்டரையே விட்டுப் பேசச் சொல்லலாம். ஆனால் அவள் தலையணைக்கு அடியில் கையை வைத்து அந்தத் தாளை அழுத்திப் பிடித்திருந்தாள். நாளை என்பது அந்தத் தாள்தான். வாரக்கணக்கில் இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

"மோதிரம் எங்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "ஸ்கேன் அன்னிக்கு. வாயில."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கதவு, காந்தம், பல் உடைந்தது, மிஷின் ரிப்பேர் இல்லை, படம் இல்லாமல் போனது என்னால்தான், படம் இல்லாததால்தான் தப்பான இடத்தில் கிள்ளினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

"வாயிலயா?"

"ஆமா."

"திங்கற வாயில? குதிர கால்ல கெடந்தத?"

"கழுவித்தானே வளைச்சிருப்பாங்க."

"நீ சும்மா இரு அக்கா…" என்று மச்சான் அவளைச் சமாதானப்படுத்த வந்தான். "நீ வாய மூட்றா, உன்ன அப்புறம் கவனிச்சிக்கறேன்" என்றாள் அவள். அவன் போய் மறுபடி ஜன்னலில் நின்றான்.

"ஒரு வாரமா ஒருவேளதான் சாப்புட்டுகினு இருக்கேன்" என்றாள் என்னிடம். "அத கழட்ட உட்ட பாவத்துக்கு. கீழ கேன்டீன்ல எல்லாரும் தின்னும்போது தண்ணி குடிச்சிட்டு வந்து உன் பக்கத்துல குந்திகினு இருந்தேன்."

எனக்குத் தெரியாது. தினமும் அவள் சாப்பிட்டாயிற்று என்று சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணமான நாள்லேந்து என்ன கேலி பண்ணிகினே இருந்த. வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்ச."

"ஆமா."

கொஞ்ச நேரம் என் உடைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ பயமாய்யா உனக்கு?"

"ஆமா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை எடுத்து, தொடைமேல் வைத்து, பேனாவை அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். தாளின் மறுபக்கம்வரை பதிந்துவிட்டது. பிறகு தம்பியிடம், "போய் ரெண்டு இட்லி வாங்கினு வா" என்றாள். "ஒரு வடையும்."

மறுநாள் அதே டெக்னீஷியன். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக டார்ச் அடித்து, "ஆ காட்டி சார்" என்றான். நாக்கைத் தூக்கச் சொன்னான். கன்னத்தை இரண்டு பக்கமும் விரலால் இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் உள்ளே அனுப்பினான்.

முக்கால் மணிநேரம். தலைக்குப் பக்கத்தில் சம்மட்டியால் அடிப்பதுபோல ஒரு சத்தம், அது நின்றால் துளையிடுவதுபோல ஒரு சத்தம். நடுநடுவே காதில் ஒரு குரல். மூச்சை இழு, விடு, அப்படியே நிறுத்து. விட்ட மூச்சோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இதயம் வீங்கியவனைக் கேட்டுப் பாருங்கள். பதினைந்து எண்ணுவதற்குள் கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாகப் பறந்தது. கையில் ஏறிய மருந்து சில்லென்று தோள்வரை போயிற்று. வெளியே வந்ததும் வாந்தி எடுத்தேன்.

மாலையில் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கறுப்பாக ஒரு வளையம், அதுதான் தசை. அந்தக் கறுப்பில் சாக்பீஸால் அடித்துவிட்டதுபோல வெள்ளைத் தீற்றல்கள். வெளிச்சுவரில் நீளமாக ஒன்று, நடுச்சுவரில் கீழே ஒன்று. "வெள்ளையா இருக்கறதெல்லாம் அடிபட்ட இடம்" என்றார். "போன தடவை நாங்க மேல கிள்ளினோம். இது கீழ இருக்கு." திரையில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம்கூட இல்லை வித்தியாசம்.

இரண்டாவது முறை கழுத்தில் கம்பி இறங்கும்போது நான் ஒன்றும் பேசவில்லை. நான்காவது கடியில் இதயம் தொடர்ந்து ஏழெட்டு முறை தாறுமாறாக அடித்தது. யாரோ வேகமாகக் கன்னடத்தில் ஏதோ சொன்னார்கள். டாக்டரம்மா கம்பியை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றார். துணிக்கு அடியில் நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. காலில் போர்வை விலகிக் குளிர்ந்தது. யாராவது இழுத்து மூடினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு துடிப்பு சீரானது. ஐந்தாவதையும் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் முற்பகல் முடிவு வந்தது. நான் அறையில் இருந்தபோதும் டாக்டரம்மா முதலில் என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ராட்சத செல் இல்ல. சாதாரண அழற்சிதான். அந்தக் கடுமையான மருந்து வேண்டாம்."

என் மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் வெளியே ஓடினான், யாருக்கோ போன் போட. நான் ஏதாவது சொல்லுவேன் என்று டாக்டரம்மா ஒரு நிமிடம் காத்திருந்ததுபோல இருந்தது.

"அப்ப சரியாயிடுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

"வீக்கம் போகும். தழும்பு போகாது. எவ்வளவு தழும்புன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். உப்பில்லாத சாப்பாடு, காலையில் நான்கு மாத்திரை, சாயங்காலம் மூன்று. கம்பெனியில் என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டான். டிரைவர்கள் போன் செய்து அவன் திட்டுவது மொக்கையாக இருக்கிறது என்றார்கள்.

மறுபடி நெஞ்சில் பசை தடவினார் டாக்டரம்மா. திரையைப் பார்த்தார். அளந்தார், மறுபடி அளந்தார்.

"முப்பத்தஞ்சு."

"அறுபது?"

"வராதுன்னு நினைக்கிறேன். இதோட பல வருஷம் வாழலாம். மூட்டை தூக்காதீங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க. காய்ச்சல் வந்தா ஊசி போட்டுக்கிட்டு வேலைக்குப் போகாதீங்க."

பஸ் ஸ்டாப்பில் இறங்கி எங்கள் தெருவுக்கு நடக்க வேண்டும். கொஞ்சம் மேடு. அந்தக் காய்ச்சலுக்கு முன்பு ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் ஏறியிருக்கிறேன். கால்வாசியில் மூச்சு முட்டியது. நின்று மூச்சு வாங்கும் ஆளாகத் தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குள் என் மனைவி நின்று, குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். நன்றாகத்தான் இருந்த வார். நான் மின்கம்பத்தில் கை வைத்து மூச்சு வாங்கினேன். துணிக்கு இஸ்திரி போடும் பெண் எங்களைப் பார்த்து, "டாக்டர் இன்னா சொன்னாரு அக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குதாம்" என்றாள் என் மனைவி, நிமிராமலே.

நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு இருவரும் நடந்தோம். அடுத்த கம்பத்தில் அவள் இன்னொரு செருப்புக்குக் குனிந்தாள்.